கட்டைவிரலும் டபிள்யூவும்

எல்லோரும் சாப்பிடப் போயாயிற்று, போகட்டும், நிம்மதி. வெள்ளிக்கிழமை என்றால் கீழே கேன்டீனில் பிரிஞ்சி, அந்தப் பட்டை கிராம்பு வாசனை லிஃப்டில் ஏறி நாலாவது மாடிக்கு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது, எனக்கு வேண்டாம், கோபமாக இருக்கும்போது எனக்குப் பசிக்காது, கல்யாணமான புதிதிலேயே சௌந்தர் இதைக் கண்டுபிடித்து, "நீ கோவிச்சுக்கிட்டா அரிசி மிச்சம்" என்பார். இன்றைக்குக் கேன்டீன்காரருக்கு அரிசி மிச்சம். நான் இந்தப் புது மேக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நாலு மணிக்குள் எங்கள் இருவரில் ஒருவர் இறங்கி வந்தாக வேண்டும், அது நானாக இருக்கப்போவதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லினக்ஸில் ஓட்டியவளை, திங்கள்கிழமை காலையில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கையில் கொடுத்து, இனி எல்லோருக்கும் இதுதான் என்று சொல்லிவிட்டார்கள். என் பழைய மெஷினை நேற்று சாயங்காலம்தான் வாங்கிக்கொண்டு போனார்கள், அதுவரைக்கும் நான் அதிலேயேதான் ஓட்டினேன். பெட்டி அழகாகத்தான் இருந்தது, திறக்கும்போது உஸ்ஸென்று மெதுவாக மூச்சு விட்டது, பையன்கள் அதை வீடியோ எடுத்தார்கள். அழகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. எனக்கு வேண்டியது என் எடிட்டர், நான் நிரல் எழுதுகிற அந்தப் பழைய கருவி, அதன் பெயரைச் சொன்னால் பையன்கள் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பார்கள், அது என் கை சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். லினக்ஸில் நடந்தது. இங்கே நடக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. இன்று காலையில் டீம் மொத்தமும் பார்க்க அடம் பிடித்தது.

பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். எங்கள் ஆபீசில் மீட்டிங் ரூம்களுக்கெல்லாம் ஆற்றின் பெயர், நொய்யலில் ஏசி ஒழுகும் என்பதால் எல்லோரும் பவானிக்குத்தான் அடித்துக்கொள்வோம், அந்தப் பவானியில் என் திரையைச் சுவரில் போட்டிருந்தார்கள். ஒரு வரியை வெட்டி வேறிடத்தில் ஒட்ட வேண்டும். இதற்கென்ன, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். கட்டைவிரலால் ஸ்பேஸுக்குப் பக்கத்துக் கீயை அமுக்கிக்கொண்டு டபிள்யூ. என் எடிட்டரில் அதற்கு வெட்டு என்று அர்த்தம். மேக்கில் அதற்கு ஜன்னலை மூடு என்று அர்த்தம். மூடிவிட்டது. சுவரில் வெறும் பனிமலைப் படம். திறந்தேன், இடத்தைத் தேடினேன், வரியைத் தேர்ந்தெடுத்தேன், கட்டைவிரல், டபிள்யூ, மறுபடியும் பனிமலை. அமுக்கக் கூடாது என்று எனக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவே அது போய் அமுக்கிவிட்டு வந்து சாதுவாக உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாவது பனிமலைக்கு யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அதற்குள் தரணிதரன் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்துவிட்டான். எங்கள் டீம் லீட், முப்பத்தொரு வயது, நல்ல பையன், அதுதான் தொல்லையே, கெட்டவனாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். "நீங்க சொல்லுங்க்கா, நான் அடிக்கறேன்" என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான், மெதுவாக, மரியாதையாக, சாப்பிட்டு முடித்தவர் முன்னாலிருந்து தட்டை எடுப்பதுபோல. நான் சாப்பிட்டு முடிக்கவில்லை. ஆனாலும் சொன்னேன், என்ன சொன்னேனோ, அந்த ஃபங்ஷன்ல, இல்ல, அதுக்கு மேல, இல்லப்பா அடுத்தது, பாதி வழியில் நான் நினைத்தது என்னவென்று எனக்கே மறந்துபோயிற்று. வெளியே வந்ததும் காபி மெஷின் பக்கத்தில் வைத்துச் சொன்னான், "நாலு மணிக்குப் பல்லடம் மில்லோட வீடியோ கால் இருக்குதுங்க்கா, லைவா சரிபண்ணிக் குடுக்கோணும். அதுல எப்படிப் போகுதுன்னு பாத்துக்கலாம். சிரமமா இருந்துச்சுன்னா திங்கக்கிழமையிலிருந்து டென்ஷன் மாட்யூல விஷால்கிட்டக் குடுத்துட்டு நீங்க அட்வைசரா இருந்துக்கோங்க. நீங்க சொன்னாப் போதும், பசங்க அடிச்சுருவாங்க. கைக்கும் ரெஸ்ட்டா இருக்கும்." நான் காபியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அட்வைசராம். அந்த மாட்யூல் என்னுடையது. மில்லில் நூல் சுற்றுகிற இயந்திரம் இருக்கிறதே, அதில் ஓடுகிற நூலின் இழுவிசையைப் பார்த்துக்கொண்டே இருந்து, நூல் அறுந்த அந்தக் கணத்தில் இயந்திரத்தை நிறுத்துகிற பகுதி, அதைத்தான் டென்ஷன் மாட்யூல் என்கிறோம், காலி மனையிலிருந்து கட்டியது நான். பல்லடத்தில் இப்போது நூல் அறாமலே இயந்திரம் நின்றுபோகிறதாம். எனக்குக் காரணம் தெரியும் போலிருக்கிறது, தெரியும் என்று சொல்ல முடியாது, எழுத உட்கார்ந்தால் தெரிந்துவிடும். நான் யோசித்து முடித்துவிட்டு எழுதுகிறவள் இல்லை, விரல் ஓட ஓடத்தான் எனக்கு யோசனை வரும், குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் வாய் சொல்லாது, கை போடும், அந்த மாதிரி. இதைத் தரணியிடம் எப்படிச் சொல்வது. நீ என் கையிலிருந்து வாங்கியது கீபோர்டை இல்லையப்பா, யோசனையை வாங்கிவிட்டாய் என்று சொன்னால், அக்காவுக்கு வயதாகிவிட்டது என்று அதையும் மரியாதையாகவே நினைத்துக்கொள்வான். சொல்லிச் செய்விக்கிற ஆள் ஆகிவிட்டால் ஒரு மாதம், இரண்டு மாதம், மிஞ்சிப்போனால் ஆறு மாதம் என்னிடம் கேட்பார்கள். அப்புறம் நான் சொல்வதற்கே எதுவும் இருக்காது, ஏனென்றால் நான் எதையும் எழுதியிருக்க மாட்டேன். பிறகு பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது கூப்பிடுவார்கள். போதும், போதும், இப்போது முதல் வரி.

முதல் வரி. எடிட்டரின் அமைப்புக் கோப்பு, எந்தக் கீ என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற கோப்பு, லினக்ஸிலிருந்து அப்படியே கொண்டுவந்திருக்கிறேன், இங்கே வந்ததும் அதற்கு ஊர் பேர் தெரியவில்லை. ஸ்பேஸுக்குப் பக்கத்தில் இருக்கிற கீயை இந்த இயந்திரம் கமாண்ட் என்கிறது, மூடுவதற்கும் மறைப்பதற்கும் அணைப்பதற்கும் தனக்கென்று எடுத்துவைத்திருக்கிறது. என் எடிட்டருக்குள் வந்தால் நீ கமாண்ட் இல்லை, கன்ட்ரோல், என்று எழுதுகிறேன். ஒரே வரி. சேமிக்க எஃப் டூ, அமுக்கினேன், திரை பளீரென்று வெளிச்சமாகிறது. மறுபடியும் அமுக்கினேன், இன்னும் வெளிச்சம், முகத்தில் டார்ச் அடிக்கிறது. இதற்கு எஃப் டூ என்றால் வெளிச்சம், எஃப் ஒன் என்றால் இருட்டு, நல்ல குடும்பம். மெனுவில் போய்ச் சேமித்துவிட்டு எடிட்டரை மூடித் திறந்தேன். இப்போது பார்க்கலாம், ஒரு வரி, கட்டைவிரல், டபிள்யூ. வெட்டியது. ஜன்னல் அப்படியே இருக்கிறது, வரி மட்டும் போயிருக்கிறது. ஒட்டினேன், வந்தது. வெட்டினேன், போனது. யாரும் இல்லாத ஹாலில் ஒரு பொம்பளை ஒரே வரியை வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள், பார்க்கிறவர்கள் என்ன நினைத்தால் எனக்கென்ன, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, சந்தோஷத்தில் கண்ணில் நீர்கூட வந்துவிட்டது, அது அந்த எஃப் டூ வெளிச்சத்தினால் என்று வைத்துக்கொள்ளலாம்.

கைக்கு ரெஸ்ட் என்றானே, அது நெஞ்சில் சிக்கிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. என் கைமேல் ஊருக்கே அக்கறை. போன வருடத்துக்கு முந்தின வருடம் சத்தி ரோட்டில், பாலம் வேலைக்குக் கொட்டி வைத்திருந்த மணலில் ஸ்கூட்டி சறுக்கி இடது முழங்கை போய்விட்டது. தகடு வைத்தார்கள், எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன, அசைகின்றன, மோதிரம்கூடப் போட்டிருக்கிறேன், ஆனால் எதைத் தொட்டாலும் எனக்குத் தகவல் சொல்வதில்லை. என் எடிட்டரில் எந்தக் கட்டளைக்கும் கூடவே அமுக்க வேண்டிய கன்ட்ரோல் கீ, எல்லாக் கீபோர்டிலும் இடது ஓரத்தில், சுண்டு விரல் போகிற இடத்தில்தான் இருக்கும். என் சுண்டு விரல் போகும். போய்ச் சேர்ந்ததா, அமுக்கியதா, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதா, குனிந்து கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு கீக்கும் குனிந்து பார்ப்பவள் எதை எழுதுவது. ஃபிசியோ பெண், சின்னப் பெண், ரொம்ப அன்பானவள், "ஏத்துக்கப் பழகிக்கணும் மேடம்" என்றாள். ஏற்றுக்கொள்ளவில்லை. மெடிக்கல் லீவில் வீட்டில் உட்கார்ந்து, கட்டோடு, இந்தக் கோப்பைத் திறந்து கன்ட்ரோலை ஓரத்திலிருந்து பிடுங்கிக் கட்டைவிரலுக்குக் கீழே வைத்தேன். வெட்ட, ஒட்ட, தேட, அடுத்த கோப்புக்குத் தாவ, ஒவ்வொன்றாக, தகவல் சொல்கிற விரல்களுக்கு மட்டும் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்துவிட்டேன், ஆபரேஷன் முடிந்த மறுநாள் போர்வைமேல் விரல்களை ஓட்டிப் பார்த்தேன், கட்டைவிரல், டபிள்யூ, வெட்டு, கட்டைவிரல், ஒய், ஒட்டு, நர்ஸம்மா பார்த்துவிட்டு, "என்னங்மா, குளுருதுங்களா" என்று கேட்டு இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து கையை இழுத்து மூடிவிட்டுப் போனார். அந்தப் போர்வைக்கு அடியிலும் அடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்து ஸ்பேஸ். வெட்ட வேண்டிய இடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று குறி வைப்பதற்குக் கட்டைவிரலோடு ஸ்பேஸ், நாள் முழுக்க அமுக்குவேன். அமுக்கினால் திரை நடுவில் ஒரு தேடல் பெட்டி வந்து என்ன வேண்டும் என்று நிற்கிறது. ஒன்றும் வேண்டாம், போ. இது எடிட்டரின் பேச்சைக் கேட்கவில்லை, இயந்திரமே வழிமறித்து எடுத்துக்கொள்கிறது, இயந்திரத்தின் செட்டிங்ஸில் போய்த்தான் மாற்ற வேண்டும். போனால் எல்லாம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, தொட விடவில்லை. சிஸ்டம் அட்மின் அசாருதீன் பிரிஞ்சி சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தான், அவன் பிறந்த வருடம் அவன் அப்பா எந்த மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பெயரிலேயே தெரிந்துவிடும். "மணியக்கா, சாப்பிடப் போகலீங்களா, கத்தரிக்கா கொத்சு இன்னிக்கு அருமை." "அசாரு, இந்த ஷார்ட்கட்டை எடுத்து விடு." எட்டிப் பார்த்தான். "இதாங்க்கா, இது பாலிசில பூட்டியிருக்குது. எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்கோணும்னு மேல சொல்லியிருக்காங்க. தரணி சார் அப்ரூவ் பண்ணாத் தொறந்து விடறேன்." கொஞ்சம் தயங்கினான், என் இடது கையைப் பார்க்கக் கூடாதென்று ஜன்னல் பக்கம் பார்த்தான். "இல்லாட்டி ஒண்ணு பண்ணலாங்க்கா, மெடிக்கல்னு போட்டு டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு வச்சீங்கன்னா அஞ்சு நிமிசத்துல ஆயிரும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." "வேண்டாம்" என்றேன். "உங்க நல்லதுக்குத்தானுங்க்கா சொல்றேன்." "தெரியும்ப்பா. வேண்டாம்." அவன் போய்விட்டான், பாவம், அவன் என்ன செய்வான்.

சர்டிபிகேட் வைக்க மாட்டேன், ஒற்றைக் காலில் நிற்பேன், ஏன் என்று சௌந்தர் கேட்டால் எனக்கே சுருக்கமாகச் சொல்ல வராது. தரணி ஒரு கீபோர்டு வைத்திருக்கிறான், டக் டக்கென்று பழைய டைப்ரைட்டர் மாதிரி சத்தம் போடும், ஆபீஸ் செலவில் வாங்கியது, எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார். விஷாலுக்கு நின்றுகொண்டே வேலை பார்க்கிற மேசை. ஒருத்திக்கு மவுஸ் இடது பக்கம். பிடிக்கும் என்று கேட்டால் உடனே கிடைக்கிறது, தேவை என்று கேட்டால்தான் காகிதம் கேட்கிறார்கள். காகிதம் கொடுத்த நாளிலிருந்து என் வரியில் ஒரு தப்பு வந்தால், யாருக்கும் வருகிற தப்பு, தரணிக்கு நேற்றுக்கூட வந்த தப்பு, அது கை சரியில்லாததனால் வந்த தப்பு என்று ஆகிவிடும். எனக்குத் தப்பு செய்ய உரிமை வேண்டும், சாதாரணமாக, மற்றவர்களைப் போல. இந்த மேக் தொல்லையை நேற்று ராத்திரி சாப்பிடும்போது சௌந்தரிடம் சொன்னதற்கு, "எல்லாரும் என்ன எடிட்டர் வச்சிருக்காங்களோ அதையே நீயும் வச்சுக்கயேன், எதுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு" என்றார். அவர் பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், அவருக்கு எக்செல் போதும். எல்லோரும் வைத்திருக்கிற எடிட்டர் நல்ல எடிட்டர்தான், நான் குறை சொல்லவில்லை, அது பத்து விரலும் உள்ளவர்களுக்காக, மவுஸைப் பிடித்துக்கொண்டு அலைகிறவர்களுக்காகச் செய்தது. என்னுடையது யாருக்காகவும் செய்யப்படாதது, அதுதான் அதன் அழகு, நீ எப்படியோ அப்படி என்னைச் செய்துகொள் என்று விட்டுவிடும். ஸ்பேஸ் கிடையாதா, வேண்டாம். கட்டைவிரலோடு காற்புள்ளி, வலது கை நடுவிரல், அதற்குச் சம்பளத்துக்கேற்ற வேலை இல்லாமல்தான் இருந்தது. எழுதிச் சேமித்துப் பார்த்தேன், குறி விழுந்தது. தேடல் பெட்டி வரவில்லை. பூட்டு பூட்டாகவே இருக்கட்டும்.

மணி மூன்றாகிவிட்டது போல, ஆட்கள் திரும்பி வந்து உட்காருகிறார்கள், ஏப்பம், சிரிப்பு, நாற்காலிச் சத்தம். திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். எதற்குத் திருப்புகிறேன், தெரியவில்லை, கை திருப்புகிறது. இப்போது கம்பைலர் இல்லை என்கிறது. நான் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற மொழியில் மாற்றித் தருவதே அதுதான், அது இல்லை என்கிறது எடிட்டர். கறுப்புத் திரை டெர்மினலில் போய்க் கேட்டால், இதோ இருக்கிறேன் என்கிறது. எடிட்டரில் கேட்டால் இல்லை. டெர்மினலில் இருக்கிறது. இல்லை. இருக்கிறது. மாமியார் வீட்டில் சர்க்கரை டப்பா மாதிரி, அவர் கேட்டால் இருக்கும், நான் கேட்டால் இருக்காது. என்ன இது, எதற்கு இது, வியர்க்கிறது, ஏசி ஓடுகிறது எனக்கு மட்டும் வியர்க்கிறது, நாற்பத்தெட்டு வயதுக்கு இப்படியும் வியர்க்கும், எல்லாவற்றையும் கைமேல் போட முடியுமா. இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பயமும் வரும், அது எப்போதும் இப்படி வேறு வேலையாக இருக்கும்போது பின்பக்கமாக வரும், வலது கையும் போய்விட்டால் என்று. போகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், விழுந்தது இடது முழங்கை, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் கண்ணைத் திறக்காமல் வலது கட்டைவிரலால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன், சுட்டு, நடு, மோதிரம், சுண்டு, எல்லோரும் ஆஜர், பிறகுதான் எழுந்து பால் பாக்கெட் எடுக்கப் போகிறேன். சௌந்தருக்குத் தெரியாது. தெரிந்தால் அவரும் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். சரி, பயமா, இருக்கட்டும், அதுவும் உட்கார்ந்துகொள்ளட்டும், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. கம்பைலர். டெர்மினலுக்குத் தெரிந்த விலாசம் எடிட்டருக்குத் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம். டெர்மினல் தன் விலாசப் பட்டியலை வேறு இடத்தில் படித்துவிட்டு வருகிறது, ஐகானைத் தட்டித் திறந்த எடிட்டர் படிக்காமல் வந்துவிட்டது, அவ்வளவுதான். நீயும் போய்ப் படித்துவிட்டு வா என்று எழுதினால் தீர்ந்தது. எழுதினேன். தட்டினேன். ஓடியது, வரிவரியாகப் பச்சையில் ஓடியது, நான் இருக்கையில் பின்னால் சாய்ந்து என் தண்ணீர் பாட்டிலில் பாதியைக் குடித்தேன்.

நாலு மணிக்குப் பவானி. தரணி எனக்குப் பக்கத்து நாற்காலி, எதிரில் விஷாலும் மற்றவர்களும், சுவரில் ஒரு பக்கம் என் திரை, இன்னொரு பக்கம் பல்லடம் மில்லில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருக்கிற படம், நின்றுபோன இயந்திரம், அதற்கு முன்னால் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் துரைராஜ், முகம் தெரியவில்லை, குரல்தான் வருகிறது, பின்னால் மற்ற இயந்திரங்களின் இரைச்சல். ஆரம்பித்தேன். கட்டைவிரல், காற்புள்ளி, குறி. கட்டைவிரல், டபிள்யூ, வெட்டு. ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை, அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும். நான் நினைத்ததுபோலவே விரல் ஓட ஆரம்பித்ததும் விஷயம் தானாக மேலே வருகிறது, அங்கே இப்போது மழை, நூல் ஈரம் ஏறிக் கொஞ்சம் தொய்கிறது, தொய்ந்த நூலை இந்த வரி அறுந்த நூல் என்று எடுத்துக்கொள்கிறது, ஒரே ஒரு அளவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கடைசி சில அளவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், தொய்வு மெதுவாக வரும், அறுந்தால் சட்டென்று விழும், இரண்டும் வேறு, ஆமாம், வேறு, இதை வாயால் சொல்லியிருந்தால் நாளை வரைக்கும் வந்திருக்காது. எதற்குக் கீழே போனால் அறுந்தது என்கிற அந்த எல்லை அளவு அடுத்த கோப்பில் இருக்கிறது, தாவ வேண்டும், கட்டைவிரலோடு டேப். தாவியது. அடுத்த கோப்புக்கு இல்லை, எடிட்டரை விட்டே வெளியே தாவிக் காலண்டரில் போய் நின்றது. சுவர் முழுக்க அடுத்த வாரம். திரும்பி வந்தேன், கை மறுபடியும் அதையே செய்தது, மறுபடியும் காலண்டர். நான் இதை மறந்தே போனேன், டேப்பை முயற்சி செய்து பார்க்கவே இல்லை. இதையும் இயந்திரமே எடுத்துக்கொள்ளும். தரணியின் கை வந்தது.

"இருக்கட்டும் தரணி" என்றேன்.

கை நிற்கவில்லை, கீபோர்டின் விளிம்பைத் தொட்டுவிட்டது. "பரவாயில்லீங்க்கா, நான்..."

"கைய எடுப்பா."

சத்தமாகச் சொல்லவில்லை. எடுத்துவிட்டான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் எனக்கு இரக்கம் வந்துவிடும், இரக்கத்துக்கு இப்போது நேரமில்லை. மைக் பக்கம் குனிந்து, "துரைராஜ் சார், ரெண்டு நிமிசம் ஆகுமுங். என்ற எடிட்டர்ல ஒரு கீய மாத்தோணும்" என்றேன். இரைச்சலுக்கு நடுவில், "என்னத்தைங் மாத்தறது?" என்றார். "அடுத்த ஃபைலுக்குப் போற கீங்க. புது மெஷினுங், இன்னும் என்ற கைக்குப் படியல." "பாருங், பாருங், நெதானமாவே பாருங். இங்க மெஷின் நின்னுதான கெடக்குது." அமைப்புக் கோப்பைத் திறந்தேன். மத்தியானம் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு செய்தேனே, எதற்காக, களவாணித்தனமா செய்தேன். இப்போது அது சுவரில் இருக்கிறது, ஆள் உயரத்துக்கு, வெட்டுவது எந்த விரல், ஒட்டுவது எந்த விரல், இடது கையில் எந்த இரண்டுக்கு வேலை இல்லை என்று யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். படிக்கிறார்கள். விஷால் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படிக்கிறான். படிக்கட்டும், பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், ஒரு மில் காத்திருக்கிறது, என் கைக்காகக் காத்திருக்கிறார்கள், காத்திருக்கட்டும், நானும் எத்தனையோ பேருக்காகக் காத்திருந்திருக்கிறேன். அவசரப்படவில்லை. டேப்பை எடுத்துவிட்டு அரைப்புள்ளி, அது வலது கை சுண்டு விரல், நல்ல பிள்ளை, தகவல் சொல்லும். ஒரு எழுத்து தப்பாக விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். சேமித்தேன், கட்டைவிரல், அரைப்புள்ளி, அடுத்த கோப்பு. திரும்பவும் அரைப்புள்ளி, விட்ட இடம், கர்சர் அங்கேயே கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லை அளவை எடுத்துக்கொண்டு வந்து எழுதினேன், கடைசி அளவுகளைச் சேர்த்தேன், தொய்வுக்கு ஒரு வழி, அறுப்புக்கு ஒரு வழி, கம்பைல் செய்தேன், பச்சையில் ஓடியது, மில்லின் இயந்திரத்துக்கு அனுப்பினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து துரைராஜ் கேட்டார். "வந்துருச்சுங். ஏனுங், இதை இப்ப எழுதினது யாருங், தரணி சாருங்களா?"

தரணி மைக் பக்கம் சாய்ந்தான். அவன் நல்லவிதமாகத்தான் எதையோ சொல்லியிருப்பான். நான் அவனுக்கு முன்னால் பேசிவிட்டேன்.

"இல்லீங்," என்றேன். "நான் சாந்தாமணி. இந்த மாட்யூல் என்னுதுங். மெஷினை ஓட்டுங்க, பாக்கலாம்."